இருநூறு கெஜத்துக்கு அப்பால்

3 அக்டோபர் 1932, திங்கள்

அம்மா தூங்கிவிட்டாள். அப்பா ஓட்டும் கூட்ஸ் வண்டி இன்னும் வரவில்லை. போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து திரும்பும்போது யார்டுக்கு வெளியே ஒரு நீள விசில், உடனே ஒரு குட்டை விசில் கேட்கும். அதுதான் அப்பா. பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த ரயில்வே குவாட்டர்ஸ் முழுவதும் எத்தனை விசில் கேட்டாலும் அது மட்டும் எனக்குத் தனியாகத் தெரியும். அது கேட்கும்வரை தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன். இது பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதினால், யாராவது எடுத்தாலும் முதலில் கணக்குதான் இருக்கும்.

நேற்று அப்பா உலு கிள்ளான் பக்கம் மான் வேட்டைக்குப் போய் மறுபடியும் வெறுங்கையோடு வந்தார். கூடப் போன ரயில்வே கார்டு அந்தோனிப்பிள்ளை மாமா எங்கள் வாசலில் நின்று வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "ஐசே ரெங்கசாமி, அந்த மரக்குத்திக்கு ரெண்டு குண்டு போட்டியே. பாவம், இன்னும் விழேல்லை. நான் போய் தட்டி எழுப்பிப் பார்த்தனான்."

மான் என்று அப்பா சுட்டது ஒரு மரத்தின் அடிக்கட்டை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இரவல் துப்பாக்கி. அது கொக்குக்கும் காட்டுக்கோழிக்கும்தான் ஆகும்" என்றார் அப்பா. "மான் இருநூறு கெஜத்துல நிக்குது. அதுக்கு ரைபிள் வேணும்."

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்துத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறுகிறார்களாம். அவர்களுடைய நல்ல ரைபிள்கள் எல்லாம் ஜாவா ஸ்ட்ரீட் கடைக்கு வந்திருக்கின்றனவாம். அப்பா போலீசில் லைசென்ஸுக்குக்கூட எழுதிக் கொடுத்துவிட்டார்.

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை மீன்கூட வாங்காத வீடு. சாமி ரூமுக்கும் கட்டிலுக்கும் நடுவுல எங்க வைக்கிறதா உத்தேசம் அந்தச் சனியனை?"

அப்பா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

இதோ, விசில்.

6 அக்டோபர்

சாயங்காலம் அப்பாவோடு கடைத்தெருவுக்குப் போனேன். வழக்கமான விளையாட்டு. "புஷ்பம், அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு, படி பாப்போம். அதோ, அந்த மாட்டு வண்டிக்குப் பின்னால இருக்கிற போர்டு?" எல்லாம் படித்தேன். இங்கிலீஷ், தமிழ் இரண்டும். "என் பொண்ணு கெட்டிக்காரி" என்றார். கடலை வாங்கித் தந்தார்.

8 அக்டோபர், சனி

இன்று ரைபிள் பார்க்கப் போனோம். அப்பா, அந்தோனிப்பிள்ளை மாமா, நான். துப்பாக்கியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான்தான் படிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

கடைக்காரர் சீனர். வயதானவர், மலாய் பேசினார். மூன்று ரைபிள்களைப் பச்சைத் துணிமேல் வைத்தார். ஒன்று இரட்டைக் குழல், தூக்கவே முடியாது, யானைக்கானது. அது வேண்டாம். இன்னொன்று ஆஸ்திரியாவில் செய்தது. குட்டை, குழலின் நுனிவரை மரம், பிடித்தால் குழந்தையைப் போல இலேசாக இருந்தது. குறி பார்க்க இரும்பில் இரண்டு சின்ன இலைகள் இருந்தன, ஒன்று நூறு கெஜத்துக்கு, ஒன்று இருநூறுக்கு. தேவையானதை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஜெர்மன். நீளம், கனம். மேலே ஒரு தூரக்கண்ணாடிக் குழாய் பூட்டியிருந்தது.

"இந்தக் குட்டை ஆஸ்திரியாவை எடு" என்றார் அந்தோனிப்பிள்ளை மாமா. "எங்கட காட்டுக்குள்ள முப்பது கெஜம் தெரிஞ்சாலே புண்ணியம். அந்த நீட்டுத் துவக்கைக் கொண்டுபோனா ஒவ்வொரு கொடியும் உன்னைப் பிடிச்சு இழுத்து சுகம் விசாரிக்கும். கண்ணாடியிலே மழைத்தண்ணி வேற புகும்."

கடைக்காரரும் தலையை ஆட்டி, குட்டையையே அப்பாவின் பக்கம் தள்ளினார்.

அப்பா குட்டையை எடுத்துத் தோளில் வைத்தார். கடை வாசல் வழியாகத் தெருவின் கோடியில், பாடாங் மைதானத்துப் பக்கத்து மணிக்கூண்டைக் குறி பார்க்கச் சொன்னார் கடைக்காரர். அப்பா பார்த்தார். இறக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இரும்பு சரியா வரல. கலங்கலா இருக்கு" என்றார்.

அந்தோனிப்பிள்ளை மாமா வாங்கிப் பார்த்தார். "எனக்கு வருதே" என்றார்.

பிறகு அப்பா ஜெர்மன் ரைபிளை எடுத்தார். கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்தார். அப்புறம் அசையவே இல்லை. வெகுநேரம் அப்படியே நின்றார். முகத்தில் ஒரு — எப்படி எழுதுவது — பசித்தவன் சோற்றைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"மணி பத்து இருபது" என்றார் அப்பா மெதுவாக. "முள்ளுகூட தெரியுது. பத்து இருபது."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

ஏனென்றால் கண்ணாடி இல்லாமலே, நான் நின்ற இடத்திலிருந்தே, எனக்கு அந்த மணி தெரிந்தது. கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும். அவருக்கு அப்பாவைவிட இருபது வயது கூட.

"இதுதான்" என்றார் அப்பா. புத்தகத்தில் அந்த ரைபிளின் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். மலைப்பிரதேசத்துக்கும் திறந்த வெளிக்கும் உகந்தது என்று இருந்தது. அதைப் படித்தேன். அடர்ந்த காட்டுக்கு உகந்ததல்ல என்ற அடுத்த வரியை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன்? அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான்.

திரும்பி வரும்போது அப்பா, "அந்த போர்டுல என்ன?" என்று கேட்டார்.

அது விளையாட்டு இல்லை. ஒருநாளும் விளையாட்டாக இருந்ததில்லை. கடலையெல்லாம் தின்றேனே.

9 அக்டோபர்

அப்பா டியூட்டி முடிந்து வந்தபோது நான் வாசலில் நின்றேன். "என்னம்மா, புஷ்பம் இல்லையா உள்ளே?" என்று என்னிடமே கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டார். நான் "நான்தாம்பா" என்றதும் சிரித்தார். தமாஷ் செய்தது போல.

14 அக்டோபர், வெள்ளி

அப்பாவின் வண்டியில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் நாகையா அண்ணன் ஊருக்குப் போகிறார். ஆள் குறைக்கிறார்கள், கப்பலுக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள். சொல்லிக்கொள்ள வந்தார். அப்பா வீட்டில் இல்லை.

"அக்கா" என்றார் அம்மாவிடம், செருப்பைப் பார்த்துக்கொண்டே. "சிக்னலைச் சொல்லிக்கிட்டே வரணும்னு புதுசா வர்ற ஃபயர்மேன்கிட்ட அண்ணனையே சொல்லச் சொல்லுங்க. சிக்னல் விழுந்திருக்கு, விழலன்னு நான் ஒவ்வொண்ணா சத்தமா சொல்லிக்கிட்டே வருவேன். கிள்ளான் பாலம்வரைக்கும் வாய் ஓயாது. புது ஆளு அப்படிச் சொல்ல மாட்டான். டிரைவருக்கு எதுக்குச் சொல்லணும்னு நினைப்பான்."

அம்மா "சரிப்பா" என்றாள். மோர் கொடுத்தாள். அவர் போன பிறகு அரிசி புடைக்க உட்கார்ந்தாள். அம்மா எதையும் கேட்கவில்லை. அப்படியென்றால் அம்மாவுக்கும் தெரியும்.

வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் பேசுவதில்லை.

26 அக்டோபர்

இதை எழுதக் கூடாது. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாளைக்கு ரயில்வே டாக்டரிடம் டிரைவர்களுக்குக் கண் சோதனை. சுவரில் எழுத்துகள் மாட்டியிருக்கும், எட்ட நின்று படிக்க வேண்டும். போன வாரம் போன ஒரு டிரைவர் எழுத்துகளை வரிசையாக அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார். அப்பா என்னைக் கூப்பிட்டு, "இதை எனக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணிக் கொடும்மா. டாக்டர்கிட்ட ஒரு தமாஷ் பண்ணணும்" என்றார்.

கடைசி வரி அவருக்கு வரவே இல்லை. நான் ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். அம்மா அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோய், மறுபடி பலமாகக் கேட்டது.

27 அக்டோபர்

பாஸ் ஆகிவிட்டார். தீபாவளிக்கு எனக்குப் பச்சைப் பாவாடை. தொட்டுப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

வண்டி இன்னும் வரவில்லை. ஏதாவது ஆனால் அது நான் சொல்லிக் கொடுத்த பாட்டினால்தான். பின்னால் வரும் மெயில் வண்டியில் ஜனங்கள் இருப்பார்கள். பிள்ளைகள் இருக்கும். முருகா, நான் யாரிடம் போய் சொல்றது. சொன்னா அப்பாவுக்கு வேலை போயிடும். சொல்லலைன்னா?

15 நவம்பர்

லைசென்ஸ் வந்து, ரைபிளும் வந்துவிட்டது. அம்மாவின் பழைய சேலையில் சுற்றி அலமாரி மேல் வைத்திருக்கிறார். தோட்டாவை வேறு அறையில் பூட்டி வைத்திருக்கிறார். எனக்கு அந்த அறைக்குள் போகவே பயம்.

சாயங்காலம் அப்பா வராந்தாவில் அதன் கண்ணாடிக் குழாய் வழியாக யார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது லைன் சிக்னல் விழுந்திருக்கு" என்றார் தனக்குள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏறிடுச்சு."

மானைப் பார்க்கவா அதை வாங்கினார்?

10 டிசம்பர், சனி

பள்ளிக்கூடம் விட்டாயிற்று. ரவாங் பக்கத்தில் கன்னையா மாமா கங்காணியாக இருக்கும் தோட்டத்துக்கு வந்திருக்கிறோம். அம்மாவின் அண்ணன். அப்பாவுக்கு ஒரு வாரம் லீவு. ரைபிளும் வந்திருக்கிறது.

விலை விழுந்ததால் தோட்டத்தில் பாதியை ரப்பர்ப் பால் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். ஒரு சரிவு முழுவதும் மரத்தை வெட்டிப்போட்டு, இப்போது ஆள் உயரத்துக்கு லாலாங் புல். அதன் கீழே, ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய ஈயக்குட்டை. பொழுது சாய்கிற நேரத்தில் மான் இறங்குகிறது என்கிறார் மாமா. "மாப்பிள, உங்க நீட்டுத் துப்பாக்கிக்குன்னே வெட்டிவிட்ட மாதிரி இடம்."

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீட்டில் லெட்சுமி அக்கா இருக்கிறார். பால் வெட்டுகிறவர். புருஷன் இல்லை. ஒரு செவலைப் பசு வைத்திருக்கிறார். லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பசுவின் பால்தான். என்னைப் பார்த்ததும் ஒரு குவளை நிறையக் கொடுத்தார். "பட்டணத்துப் பால்ல தண்ணி கலப்பான். இதுல நான் நெனச்சாலும் கலக்க முடியாது, செவலை மொறைக்கும்." கன்றுக்குட்டிக்கு இன்னும் கொம்பு முளைக்கவில்லை. என் பாவாடையைச் சப்பிப் பார்த்தது.

12 டிசம்பர்

செவலை செத்துப்போச்சு.

13 டிசம்பர், செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று ஒழுங்காக எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டும்.

நேற்று நான்கு மணிக்கு மேல் அப்பா என்னையும் கூப்பிட்டார். அத்தை, "பொம்பளப் புள்ளைய எதுக்கு?" என்றாள். "அவளுக்குக் கண்ணு கூர்மை" என்றார் அப்பா. சரிவுக்கு எதிரே ஒரு மேட்டில், விழுந்து கிடந்த ரப்பர் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மாமா எங்களுக்குப் பின்னால் தூரத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பொழுது எங்களுக்கு நேர் எதிரே இறங்கியது. அப்பா கண்ணாடிக் குழாயில் பார்ப்பதும் கண்ணைக் கசக்குவதுமாக இருந்தார். "வெயில் உள்ளே புகுந்து ஒரே வெள்ளையா அடிக்குது" என்றார்.

அப்போது எதிர்ச் சரிவில் லாலாங் ஆடியது. பழுப்பும் சிவப்புமாக ஒரு முதுகு.

"புஷ்பம்" என்றார் அப்பா மூச்சுக்குள். "அந்த ஓரத்துல. மான்தானே?"

நான் பார்த்தேன். முதுகு மட்டும்தான் தெரிந்தது. தலை புல்லுக்குள் இருந்தது. கொம்பு இல்லையே என்று நினைத்தேன். பெண் மானுக்குக் கொம்பு கிடையாது என்றும் நினைத்தேன். சரியாகத் தெரியவில்லை. எனக்கும் வெயில் கண்ணில் அடித்தது.

"மான்தானே?" — மறுபடி கேட்டார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. தெரியலப்பா என்று சொன்னால், உங்களுக்கும் தெரியல எனக்கும் தெரியல என்று ஆகிவிடும். அதை எப்படிச் சொல்வது?

"ஆமாப்பா" என்றேன்.

சத்தம் காதை அடைத்துவிட்டது. முதுகு ஒரு முறை குதித்து விழுந்தது. அப்பா எழுந்து சிரித்தார். "பாத்தியா, இருநூறு கெஜம்." மாமாவும் கை தட்டிக்கொண்டு வந்தார். மூவரும் சரிவில் இறங்கி ஏறினோம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அந்தோனிப்பிள்ளை மாமா இனிமேல் சிரிக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

மாமா முதலில் நின்றுவிட்டார். அப்பா நிற்கவில்லை. பக்கத்தில் போய் மண்டியிட்டு, கழுத்தில் கை வைத்துத் தடவினார். தடவிக்கொண்டே வந்த கை நின்றது. கயிறு. அறுந்த கயிறு.

அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது.

"ஐயோ, பசுவைக் கொன்னுட்டேனே" என்றார். ரைபிளைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மடி கனத்துப் பால் கசிந்துகொண்டிருந்தது. கன்றுக்கு ஊட்டும் நேரம்.

மாமாதான் முதலில் பேசினார். "மாப்பிள, எழுந்திருங்க. இது வெளிய தெரிஞ்சா நான் இந்தத் தோட்டத்துல கங்காணின்னு தலை நிமிர்ந்து நடக்க முடியாது. லயத்துல ஒருத்தன் நம்ம வீட்டுல தண்ணி குடிக்க மாட்டான். சும்மா உக்காந்திருக்காம ஒரு கை பிடிங்க." இரண்டு பேருமாகக் கயிறு போட்டு இழுத்து, சரிவில் உருட்டி, ஈயக்குட்டையில் தள்ளினார்கள். நான் ரைபிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராவது வந்தால் குரல் கொடு என்றார்கள்.

"புலி அடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டதுன்னு சொல்லிடுவோம்" என்றார் மாமா. "ரத்தம் கிடக்கு, புல்லு சாஞ்சிருக்கு. வேற என்ன வேணும்?"

அப்பா என் கையிலிருந்து ரைபிளை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தார். சாப்பிடவில்லை. மாமா வீட்டுச் சாமி விளக்கு மாடத்துப் பக்கமே போகவில்லை.

15 டிசம்பர்

பொய் பெரிதாகிவிட்டது.

இருட்டோடு பால் வெட்டப் போகும் பெண்கள் போக மாட்டோம் என்கிறார்கள். ஆண்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு கூட்டமாகப் போகிறார்கள். ஒருவர் புலியின் உறுமலைக் கேட்டேன் என்கிறார். இன்னொருவர் காலடியைப் பார்த்தாராம், அகலம் எவ்வளவு என்று கையை விரித்துக் காட்டினார். இல்லாத புலிக்கு எத்தனை சாட்சிகள்.

லெட்சுமி அக்கா வாசலில் கன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கன்று கத்துகிறது. கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுக்கிறார். "இந்தப் புலிக்கு நான் என்ன செஞ்சேன், கண்ணு? கயிறு பழசுன்னு தெரிஞ்சும் மாத்தாம விட்டேன். என் தப்புதான்" என்றார் என்னிடம்.

அவர் தன் தப்பு என்கிறார். நான் நின்றுகொண்டு கேட்டேன். அவர் கொடுத்த தண்ணீரையும் வாங்கிக் குடித்தேன்.

சாயங்காலம் லயத்து ஆண்கள் மாமா வீட்டுக்கு வந்தார்கள். "டிரைவர் ஐயா, உங்ககிட்டதான் தூரத்துக்கு அடிக்கிற துப்பாக்கி இருக்கு. நீங்கதான் காப்பாத்தணும்." துரைக்கும் சேதி போய், நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். நாளை மறுநாள் சாயங்காலம் மேட்டு மரத்தில் பரண் கட்டுகிறார்கள். இருபது ஆண்கள் லாலாங்குக்குள் தகரம் தட்டிக்கொண்டு வந்து புலியை அப்பா பக்கம் விரட்டுவார்களாம்.

அப்பா மாமாவைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாமா அவர் கையை அழுத்தினார். "சரி" என்றார் அப்பா.

அதே சரிவு, அதே வெயில் நேரம். லாலாங் ஆடும், உள்ளே மனுஷர்கள் இருப்பார்கள். அப்பா சுட மாட்டார், எனக்குத் தெரியும். புலி இல்லை என்று அவருக்குத் தெரியுமே. ஆனால் யாராவது "அதோ புலி, அடிங்க" என்று கத்தினால்? உறுமலைக் கேட்டவர்கள் பார்க்கவும் செய்வார்கள். அப்பா இப்போது எதை வேண்டுமானாலும் நம்புவார். அவருக்கு அங்கே ஒரு புலி இருந்தால் தேவலாம் என்று இருக்கிறது.

16 டிசம்பர், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் இல்லை. அவரிடம் வாயே வரவில்லை. லெட்சுமி அக்காவிடம் சொன்னேன். கன்றுக்குப் புல் கொண்டுபோகிற சாக்கில் போய், புல்லைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். புலி இல்லை, அப்பாதான், குட்டையில் இருக்கிறது. அப்பாவுக்குக் கண் தெரியாது.

அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. கன்றின் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, "அந்தக் கண்ணை வச்சுக்கிட்டா ரயில் ஓட்டுறாரு?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

"போ வீட்டுக்கு" என்றார். புல்லை வாங்கிக்கொள்ளவில்லை.

மான் என்று சொன்னது நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் போனேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.

17 டிசம்பர், சனி

காலைப் பெரட்டுக்கு ஆள் கணக்கு எடுக்கும் மைதானத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். யார் எந்தப் பக்கம் தகரம் தட்டுவது என்று மாமா பிரித்துக்கொண்டிருந்தார். அப்பா ரைபிளோடு ஒரு ஓரத்தில் நின்றார். நானும் அம்மாவும் அத்தையும் அவருக்குப் பக்கத்தில், மைதானத்தை ஒட்டிய வீட்டுப் படியில் நின்றோம்.

லெட்சுமி அக்கா மைதானத்தின் மறுகோடிக்கு நடந்து போனார். அங்கே நின்று கையைத் தூக்கினார்.

"டிரைவர் ஐயா, இங்க பாருங்க. என் கையில எத்தனை விரல்?"

யாரோ சிரித்தார்கள். "என்ன லெட்சுமி, புலிக்கு முன்னால ஜோசியமா?"

"அவரு சொல்லட்டும். எங்க ஆளுங்க லாலாங்குக்குள்ள போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. எத்தனை விரல்?"

மூன்று விரல். எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது. படியில் இருந்த சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்தது.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். எப்போதும் பார்ப்பது போல. போர்டைக் கேட்கிறபோது பார்ப்பது போல. மூன்று விரலை நான் என் பாவாடைமேல் காட்டினால் போதும், பக்கத்தில்தான் நின்றேன், அது அவருக்குத் தெரியும்.

நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

பிறகு அப்பாவின் குரல் கேட்டது.

"தெரியலம்மா."

அப்புறம் சொன்னார்: "புலியும் இல்ல. உங்க பசுவை அடிச்சது நான்தான். மான்னு நெனச்சு அடிச்சேன். குட்டையில கிடக்கு." மாமா "மாப்பிள" என்று குறுக்கே வந்தார். அப்பா கேட்கவில்லை. ரைபிளிலிருந்து தோட்டாக்களை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். மைதானத்தைக் கடந்து நடந்தார். நடுவில் ஒரு கல் தடுக்கியது. லெட்சுமி அக்காவின் காலடியில் விழுந்தார். கூட்டத்தில் ஒருத்தர் காறித் துப்பினார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மான் என்று யார் பார்த்துச் சொன்னது என்று கூட்டத்தில் கேட்டதற்கு, "நானேதான் பார்த்தேன்" என்றார்.

18 டிசம்பர்

ரயிலில் திரும்பினோம். ரவாங் ஸ்டேஷன் வரை எங்களோடு யாரும் பேசவில்லை. மாமாகூட வரவில்லை.

அம்மா ஜன்னல் பக்கம் தூங்கிவிட்டாள், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள். நான் அப்பாவிடம் சொன்னேன். "அன்னிக்கு எனக்கும் தெரியலப்பா. மான்னு தெரியாமத்தான் ஆமான்னு சொன்னேன்."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"தெரிஞ்சா நீ உடனே சொல்லியிருப்பே. போர்டு படிக்கிற மாதிரி." பிறகு, "ஆமான்னு சொல்லுன்னுதான் நானும் கேட்டேன்" என்றார்.

என்ஜின் விசில் அடிக்கும்போதெல்லாம் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

4 ஜனவரி 1933

அப்பா தானே ரயில்வே டாக்டரிடம் போனார். சுவரில் இருக்கிற எழுத்தைப் படிக்காமல், மனப்பாடம் என்று சொல்லிவிட்டாராம். டாக்டர் கோபித்து, பிறகு கண்ணைப் பார்த்து, இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, முற்றிய பிறகு அறுத்து எடுக்கலாம் என்றாராம். அதுவரை என்ஜின் கிடையாது. அதற்குப் பிறகும் சந்தேகம்தான்.

விளக்கு ரூமில் போட்டிருக்கிறார்கள். சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றித் திரி வெட்டிக் கண்ணாடி துடைக்கும் வேலை. டிரைவர் குவாட்டர்ஸை விட்டுக் கடைசி வரிசைக்கு மாற வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசித்ததே வெட்கமாக இருக்கிறது.

20 ஜனவரி

ரைபிள் கடைக்கே திரும்பிப் போயிற்று. அந்தோனிப்பிள்ளை மாமாதான் கொண்டுபோனார். வாசலில் வைத்து அவர் தமாஷ் எதுவும் சொல்லவில்லை. அது எனக்குச் சிரித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

கிள்ளானில் ஒரு பசு பார்த்து ரவாங்குக்கு அனுப்பினார்கள். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும் அதோடு போயிற்று. லெட்சுமி அக்கா வாங்கிக்கொண்டார் என்று சேதி வந்தது. வேறு சேதி எதுவும் அவர் சொல்லி அனுப்பவில்லை.

11 பிப்ரவரி, சனி

வீடு சின்னது. யார்டுக்கு இன்னும் பக்கம். இப்போது விசிலுக்காக விழித்திருக்க வேண்டியதில்லை, ஆனாலும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அப்பாவுக்கும் வருகிறது. இருட்டில் அவர் உட்கார்ந்திருப்பது தெரியும்.

இன்று சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனோம். அவர் மேலெல்லாம் மண்ணெண்ணெய் வாசனை. இந்த இரண்டு மாதமாக அவர் போர்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. இன்று தெருக்கோடியில் ஒரு புதுக் கடைக்குமேல் ஏணி போட்டு என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பா நின்றார்.

"அங்க என்ன எழுதியிருக்கு, புஷ்பம்?"

நான் பார்த்தேன். ஏணி மறைத்தது. பாதி எழுத்து பெயின்ட் காயாமல் பளபளத்தது. எதையாவது சொல்லியிருக்கலாம்.

"தெரியலப்பா" என்றேன்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, கிட்டப் போய்ப் பாக்கலாம்" என்றார்.